இயந்திரம் எழுதும் நிரலை யார் படிப்பது?

வாசகர்களே! உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ நூலகத்திலோ கணிப்பொறி ஒன்று இருக்குமானால், இக்கட்டுரையைத் தொடரும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். செய்தித்தாள் ஒன்றின் வலைப்பக்கத்தையோ, பயணச்சீட்டுப் பதிவு செய்யும் பக்கத்தையோ திறந்துகொள்ளுங்கள். பிறகு ‘கண்ட்ரோல்’ விசையை அழுத்தியபடியே ‘யு’ என்னும் எழுத்து விசையைத் தட்டுங்கள். உலாவி எனப்படும் பிரௌசருக்கு வந்து சேர்ந்த எழுத்து வடிவம் அப்படியே திரையில் விரியும். என்ன காண்கிறீர்கள்? பெரும்பாலும், பல்லாயிரம் எழுத்துகள் மூச்சு விட இடமின்றி நெருக்கியடித்து நிற்கும். பெயர்களெல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர்கள். வரி முறிவு கிடையாது. விளக்கக் குறிப்பு கிடையாது. இதை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருப்பாரா? எழுதியிருக்க மாட்டார். மனிதர் எழுதிய வேறொன்றிலிருந்து இயந்திரம் ஆக்கிக் கொடுத்தது அது.

இனி மற்றொரு பக்கம். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள ‘செர்ன்’ ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்ததே உலகின் முதல் வலைத்தளம். அதன் பழம்பிரதி ஒன்றை அந்நிலையத்தார் 2013-இல் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தார்கள். அதன் மூலத்தையும் இதே முறையில் பாருங்கள். சில பத்து வரிகள்தாம். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, வேறு பக்கத்துக்குத் தாவும் இணைப்புக்கு ஒரு குறி. எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் அதன் அமைப்பைப் புரிந்துகொண்டு, தாமும் அதுபோல் ஒன்று எழுதிவிடலாம்.

இவ்விரு பக்கங்களுக்கும் இடைப்பட்ட காலம் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதற்குள் வலைப்பக்கம் ஆக்கும் தொழில் எங்ஙனம் இவ்வளவு சிக்கலாயிற்று? இயந்திரம் எழுதும் நிரலை நம்பலாமா, அதை மனிதர் படிக்க வேண்டுமா, படிக்க முடியுமா என்று நிரலாளர்களுக்குள் நடந்துவரும் வழக்கின் கதைதான் இதற்கு விடை. அவ்வழக்கு வலையோடு பிறந்ததன்று. அதற்கு வயது எழுபது.

முதல் வழக்கு

1950-களின் தொடக்கத்தில் கணிப்பொறிக்கு வேலை கொடுப்பது என்றால், அதன் சொந்த மொழியான எண்களில் ஆணைகளை ஒவ்வொன்றாக எழுதுவது என்று பொருள். இவ்வாணைகளின் வரிசையே நிரல், அதாவது புரோகிராம். அடிக்கடி தேவைப்படும் பகுதிகளை (சைன் கணக்கிடுவது, வர்க்கமூலம் காண்பது போன்றவற்றை) நிரலாளர்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்து, வேண்டும்போது கையால் படியெடுத்துக்கொண்டார்கள். படியெடுக்கும்போது எண் மாறும், கூட்டல் தவறும். அமெரிக்காவில் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தில் ‘யூனிவாக்’ கணிப்பொறியுடன் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இதைக் கவனித்தார். கூட்டுவதிலும் படியெடுப்பதிலும் தவறாத ஒருவர் அந்த அறையிலேயே இருந்தார், கணிப்பொறி! அந்த வேலையை அதனிடமே விட்டால் என்ன? காந்த நாடாவில் இப்பகுதிகளைச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எண்களைச் சொன்னால் இயந்திரமே எடுத்துக் கோத்துக்கொள்ளும்படி 1952-இல் ‘ஏ-0’ என்ற அமைப்பை உருவாக்கினார். இயந்திரம் நிரல் எழுதிய வரலாறு ஏறத்தாழ இங்கே தொடங்குகிறது.

அன்றைய நிரலாளர் பலர் இதை ஏற்கவில்லை. தேர்ந்த கைவினைஞர் தம் வேலையை இயந்திரத்திடம் விட்டுக்கொடுப்பாரா? கௌரவம் மட்டுமே அன்று, அவர்களிடம் நேரிய காரணமும் இருந்தது. அதுவரை வந்த தானியங்கி முறைகள் தந்த நிரல்கள் மெதுவாக ஓடின. கணிப்பொறியின் ஒவ்வொரு மணி நேரமும் பொன் போன்ற விலை பெற்ற காலம் அது.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் பேக்கஸ், முப்பது வயதை எட்டுமுன், 1953-இன் இறுதியில் தம் மேலதிகாரிக்கு ஒரு யோசனை எழுதினார். கணித வாய்பாட்டைப் போலவே எழுதினால் போதும். அதை ‘704’ என்ற புதிய கணிப்பொறியின் மொழிக்கு இயந்திரமே மாற்றித் தரும். இதுவே பின்னர் ‘ஃபோர்ட்ரான்’ ஆயிற்று. மொழிமாற்றம் செய்யும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். தமிழில் தொகுப்பி என்கிறோம்.

704-ஐ அவர் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. முந்திய கணிப்பொறிகளில் தசம எண்களைக் கையாளத் தனிக் கருவியமைப்பு இல்லை. அதை நீண்ட ஆணைத் தொடர்களால் செய்ய வேண்டியிருந்தது. நேரமெல்லாம் அதிலேயே போயிற்று. தானியங்கி முறையின் மந்தம் அந்த மந்தத்துக்குள் மறைந்துகொண்டது. 704-லோ தசமக் கணக்கும், வரிசை எண்களைத் தொடரும் வசதியும் வன்பொருளிலேயே அமைந்துவிட்டன. ஆகவே மோசமான நிரலுக்கு ஒளிய இடமில்லை. கைவினைஞர் எழுதும் நிரலுக்கு ஈடாக ஓடினாலன்றி ஒருவரும் தீண்டமாட்டார்கள் என்பது பேக்கஸுக்குத் தெரிந்திருந்தது. மொழியின் அழகைவிட விளையும் நிரலின் வேகத்திலேயே அவர் குழு தன் முயற்சியைக் கொட்டியது. ஆறு மாதத்தில் முடியும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தார்கள். 1957 ஏப்ரலில்தான் வெளிவந்தது. (நிரலாளர்கள் சொல்லும் ‘ஆறு மாதம்’ அன்றும் இன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது!) தொகுப்பி மட்டும் சுமார் 25,000 ஆணைகள் நீளமிருந்தது.

அது தந்த நிரலைப் பார்த்து ஆக்கியவர்களே திகைத்தார்களாம். ஒரு கணக்கை வந்த இடத்தில் வைக்காமல், வேறெங்கோ முன்னதாகச் செய்துவைத்திருக்கும். தவறு நேர்ந்துவிட்டது என்று எண்ணித் துருவிப் பார்த்தால், அதுவே சரியாகவும் சிக்கனமாகவும் இருக்கும்.

வெளியார் ஒருவருக்கு அது முதலில் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சியும் சுவையானது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெட்டிஸ் அணுசக்தி ஆய்வகத்துக்கு 1957 ஏப்ரலில், விளக்கம் ஏதுமின்றித் துளையிட்ட அட்டைக்கட்டு ஒன்று வந்தது. ஃபோர்ட்ரானாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, ஒரு நிரலைக் கொடுத்துப் பார்த்தார்கள். இயந்திரம் ஒரு பிழையைச் சுட்டியது: இன்ன வரியில், இன்ன அடைப்புக்குறிக்குப் பின் காற்புள்ளி இல்லை! அதைத் திருத்தினார்கள், நிரல் ஓடி விடைகளை அச்சடித்தது.

இந்தக் காற்புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் எழுதும் நிரலை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு வேகம் மட்டுமே காரணம் அன்று. பிழை நேர்ந்தால், மனிதர் எழுதிய வரியில், மனிதருக்குப் புரியும் சொல்லில் அது சுட்டப்பட்டது. விளைந்த எண் நிரலை எவரும் கையால் திருத்தத் தேவையில்லை. மூலத்தைத் திருத்தி மறுபடி மாற்றிக்கொண்டால் போதும். படிக்க வேண்டாத நிரலை எவரும் படிக்கவில்லை. அதனால் எந்தக் குறையும் வரவில்லை. சில பத்தாண்டுகளில் இயந்திர மொழியைப் பார்த்தே அறியாத நிரலாளர் தலைமுறை ஒன்று வளர்ந்தது. வழக்கு தீர்ந்துவிட்டது போலத் தோன்றியது.

கதவைத் திறந்து வைத்த வலை

1990-இல் வலை பிறந்தபோது அந்த வழக்கு வேறு வடிவில் எழுந்தது. ஏனெனில் வலைப்பக்கம் இயந்திர மொழியில் அனுப்பப்படவில்லை. மனிதர் படிக்கும் எழுத்தாகவே அனுப்பப்பட்டது. எச்.டி.எம்.எல். எனப்படும் அம்முறையில் தொடக்கத்தில் இருந்தவை இருபதுக்கும் குறைவான குறிகளே.

ஒரு விந்தை என்னவென்றால், பெர்னர்ஸ்-லீ இக்குறிகளை மக்கள் கையால் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் செய்த முதல் உலாவி, பக்கத்தைக் காட்டுவதோடு தட்டச்சு செய்து திருத்தவும் இடம் தந்தது. குறிகளை அதுவே போட்டுக்கொள்ளும். ஆனால் 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வலையைப் பரப்பிய ‘மொசெய்க்’ முதலான உலாவிகள் காட்டும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டன. கூடவே, பக்கத்தின் மூலத்தைப் பார்க்கும் வசதியையும் வைத்திருந்தன. மக்கள் பிறர் பக்கத்தின் மூலத்தைப் பார்த்தார்கள், படியெடுத்தார்கள், ஒரு சொல்லை மாற்றி என்ன நேர்கிறது என்று பார்த்தார்கள். தறிக்குப் பக்கத்தில் அமர்ந்து நெசவு கற்பது போல ஒரு தலைமுறையே இப்படிக் கற்றது. கல்லூரியோ கட்டணமோ வேண்டியிருக்கவில்லை. வலை அவ்வளவு விரைவில் பரவியதற்கு இந்தத் திறந்த கதவு ஒரு பெரும் காரணம் என்றே கருதுகிறேன்.

வணிகர்களும் அலுவலகத்தாரும் குறிகளைக் கற்கப் பொறுமையற்றவர்கள். அவர்களுக்காக 1995-இல் ‘ஃப்ரன்ட்பேஜ்’ வந்தது. அதை ஆக்கிய நிறுவனத்தை மறு ஆண்டின் தொடக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. 1997 இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனத்தின் ‘ட்ரீம்வீவர்’ வந்தது. திரையில் படத்தையும் எழுத்தையும் நகர்த்தி வைத்தால் போதும். குறிகளை மென்பொருளே எழுதிக்கொள்ளும். ‘வேர்ட்’ மென்பொருளில் தட்டச்சு செய்த கடிதத்தைக்கூட வலைப்பக்கமாகச் சேமிக்க முடிந்தது.

அவை எழுதிய நிரலைத் திறந்து பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். குறிப்பாக ‘வேர்ட் 2000’ ஆக்கிய பக்கங்கள்! நான்கு வரிக் கடிதத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான வரிகள். இதற்குக் காரணம் கவனக்குறைவு என்று பலர் நினைத்தனர். உண்மையில், சேமித்த வலைப்பக்கத்தைப் பின்னொரு நாள் மீண்டும் வேர்டில் திறந்தால் ஓரம், எழுத்துரு, பத்தி அமைப்பு எதுவும் மாறாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அந்த விவரங்கள் அனைத்தையும் அதற்குள் திணித்து வைத்திருந்தார்கள். வேர்டுக்கு அது நன்மை. பக்கத்தை இறக்கிப் படிப்பவருக்கோ வீண் சுமை. இந்தக் குப்பையை நீக்கவே தனிக் கருவிகள் தேவைப்பட்டன. டேவ் ராகெட் ஆக்கிய ‘டைடி’ என்னும் மென்பொருளில் வேர்ட் 2000-க்கெனவே ஒரு விசேஷ வழி இருந்தது. ட்ரீம்வீவரிலும் அதற்கென ஒரு கட்டளை வைத்தார்கள். ஓர் இயந்திரம் எழுதியதை மற்றோர் இயந்திரம் கூட்டிப் பெருக்கியது!

ஃபோர்ட்ரானில் வென்ற முறை இங்கே ஏன் தோற்றது? ஃபோர்ட்ரான் தந்த நிரலை எவரும் தொட வேண்டியதில்லை. ஃப்ரன்ட்பேஜ் தந்ததையோ தொடாமல் தீராது. ஓர் உலாவியில் சரியாகத் தெரிவது மற்றொன்றில் கோணலாகத் தெரியும். அப்போது கையால் திருத்துபவர், தாம் எழுதாத, தமக்குப் புரியாத வரிகளுக்குள் இறங்க வேண்டும். திருத்திய பின் மீண்டும் மென்பொருளில் திறந்தால் திருத்தம் அழிந்தாலும் அழியும். இதே கருத்தை 2002-இல் நியூயார்க் நிரலாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி பொதுவாக வைத்து எழுதினார்: அடியிலுள்ளதை மறைக்கும் எந்த மூடியும் எங்கேனும் ஒழுகும், ஒழுகும் நாளில் அடியிலுள்ளதை அறிந்தவரே தப்புவார்.

சாரமும் கட்டடமும்

பிரேம்வொர்க் எனப்படும் சட்டகங்கள் இவ்வாண்டுகளில்தாம் தலையெடுத்தன. வலைத்தளம் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப வரும் வேலைகளை, அதாவது படிவம் வாங்குவது, தகவலைச் சேமிப்பது, பட்டியலிட்டுக் காட்டுவது போன்றவற்றை முன்கூட்டியே செய்து வைத்து, உங்கள் பகுதியை மட்டும் நீங்கள் நிரப்புமாறு விடுவது சட்டகம்.

மைக்ரோசாஃப்ட் 2002-இல் தந்த ‘ஏ.எஸ்.பி. டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ்’ வலையின் இயல்பையே மறைத்துவிட முயன்றது. வலையில் ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தனி. முன்னது பின்னதற்கு நினைவிராது. இந்த மறதியை மறைக்க, பக்கத்தின் நிலை முழுவதையும் குறியீடாக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் அடைத்து, ஒவ்வொரு சொடுக்கின்போதும் போகவும் வரவும் சுமக்கச் செய்தார்கள். பெரிய அட்டவணைகள் உள்ள பக்கங்களில் அந்த மூட்டை மட்டும் பல பத்து கிலோபைட் ஆகிவிடும். நிரலாளருக்கோ தம் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதன் எதிர்வினையாக அதே நிறுவனம் 2009-இல் வெளிப்படையான வேறொரு சட்டகத்தை வெளியிட்டது.

டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மயர் ஹான்சன் 2004-இல் வெளியிட்ட ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ வேறு வழியில் சென்றது. பதினைந்து நிமிடத்தில் வலைப்பதிவு ஒன்றைக் கட்டிக் காட்டிய அவரது ஒளிப்படம் 2005-இல் பெரும் வியப்பை உண்டாக்கியது. அதன் ஒரு கட்டளையின் பெயர் ‘ஸ்கஃபோல்ட்’. கட்டட வேலையில் நாம் சாரம் என்போமே, அது. கட்டளை இட்டவுடன் படிவங்கள், பட்டியல், நீக்கும் பொத்தான் அனைத்தும் தயார். தொடக்கத்தில் இதை இரு விதமாகச் செய்யலாம். ஒன்று, நிரல் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டத்தின்போதே உருவாகும். மற்றது, கோப்புகளில் எழுதிக் கொடுக்கப்படும். நீங்கள் படித்துத் திருத்திக்கொள்ளலாம். 2007 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் முதல் விதத்தை எடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுக்கும் விதம் மட்டும் நிலைத்தது.

பெயருக்கேற்ற நடத்தையா என்று கேட்டால் இல்லை என்றே சொல்ல வேண்டும். கட்டடம் எழும்பியதும் கொத்தனார் சாரத்தைப் பிரித்துவிடுவார். ரெயில்ஸ் தரும் சாரமோ பல நிறுவனங்களில் பூச்சு பூசப்பட்டு, சுவராகவே நின்றுவிட்டது. எனினும் இம்முறையில் ஒரு நேர்மை உண்டு. எழுதிய இயந்திரம் ஒதுங்கிக்கொள்கிறது. கோப்பு முழுக்க உங்களுடையது. குறை இருந்தாலும் அது உங்கள் கண்முன் இருக்கிறது.

நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றது கூகுள் 2006-இல் வெளியிட்ட ‘ஜி.டபிள்யூ.டி.’ என்ற கருவி. ‘ஜாவா’ மொழியில் எழுதுங்கள், உலாவிக்குரிய ‘ஜாவாஸ்கிரிப்ட்’ மொழிக்கு நாங்கள் மாற்றிக்கொள்கிறோம் என்றது அது. ஒவ்வொரு வகை உலாவிக்கும் தனித்தனி நிரல் ஆக்கும். சுருக்கிய வடிவில் கொடுக்கும். அதைப் படிக்க நினைக்காதீர்கள் என்பதே அதன் கொள்கை. ஃபோர்ட்ரானின் கொள்கையும் அதுவே. ஆனால் ஃபோர்ட்ரானில் காற்புள்ளி விட்டுப்போனால் மூல வரி சுட்டப்பட்டது. இங்கோ, உலாவியில் ஏதேனும் முறிந்தால், எவரும் எழுதாத ஓரெழுத்துப் பெயரில் பிழை வரும். விளைந்த நிரலின் ஒவ்வோர் இடத்தையும் மூலத்தின் வரியோடு பொருத்திக் காட்டும் ‘சோர்ஸ் மேப்’ என்னும் கோப்பு முறை 2010-களின் தொடக்கத்தில் உலாவிகளில் பரவிய பின்னரே இத்துன்பம் தணிந்தது. 1957-இல் முதல் நாளே கிடைத்த வசதிக்கு வலை இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஜெரமி ஆஷ்கெனாஸ் 2009-இல் தொடங்கிய ‘காபிஸ்கிரிப்ட்’ நின்றது. அடைப்புக்குறிகளையும் அரைப்புள்ளிகளையும் குறைத்த எளிய மொழி அது. மாற்றி வருவது மனிதர் எழுதியது போலவே படிக்கத்தக்கதாய் இருக்க வேண்டும் என்று அவர் விதி வகுத்தார். 2011-இல் ரெயில்ஸ் இதைத் தன்னோடு சேர்த்தே வழங்கியபோது பெரும் பூசல் எழுந்தது. கற்க வேண்டிய மொழி ஒன்று கூடுகிறதே என்றனர் ஒரு சாரார். ஜாவாஸ்கிரிப்ட்டின் கோணல்களை இன்னும் எத்தனை நாள் சுமப்பது என்றனர் மறுசாரார். காபிஸ்கிரிப்ட் பின்னர் மங்கிவிட்டது. ஆனால் அதில் இருந்த சில வசதிகள் 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலைக்குள்ளேயே புகுந்துவிட்டன.

பதினொரு வரிகள்

ஃபேஸ்புக் நிறுவனம் 2013 மே மாதத்தில் ‘ரியாக்ட்’டை வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு நடுவிலேயே குறிகளை எழுதும் அதன் முறை முதலில் ஏளனத்தையே பெற்றது. அப்படி எழுதியதை எந்த உலாவியும் அறியாது. ஆகவே கட்டாயம் மொழிமாற்ற வேண்டும். 2014-இல் தோன்றிய ‘பேபல்’ அந்த வேலையைச் செய்தது. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒன்றாகக் கட்ட ‘வெப்பேக்’, தரவு வகைகளைச் சரிபார்க்க 2012-இல் மைக்ரோசாஃப்ட் தந்த ‘டைப்ஸ்கிரிப்ட்’ எனக் கருவிகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் அமைப்புக் கோப்பு ஒன்று. வணக்கம் என்று ஒரு சொல்லைத் திரையில் காட்டவே ஆயிரக்கணக்கான கோப்புகளை இறக்க வேண்டிய நிலை.

இச்சிக்கலை மறைக்க ஃபேஸ்புக் 2016 ஜூலையில் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்ற கருவியைத் தந்தது. அதில் ‘எஜெக்ட்’ என்றொரு கட்டளை இருந்தது. அதை இட்டால், மறைத்து வைத்த அமைப்புகள் அனைத்தும் உங்கள் கோப்புறைக்குள் கொட்டப்படும். பிறகு மீள வழியில்லை. மூடியைத் திறக்கலாம், திரும்ப மூட முடியாது! 2025 பிப்ரவரியில் இக்கருவி கைவிடப்பட்டது.

இச்சிக்கலெல்லாம் வீண்தானா? அமெரிக்க அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மென்பொருளின் சிக்கலை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எடுத்துக்கொண்ட வேலையிலேயே உள்ளது. மற்றது, நம் கருவிகளால் வந்து சேர்வது. 2004-இல் வந்த ஜிமெயிலையும் 2005-இல் வந்த கூகுள் வரைபடத்தையும் எண்ணிப் பாருங்கள். அவை படிக்கும் பக்கங்கள் அல்ல. உலாவிக்குள் ஓடும் முழு மென்பொருள்கள். வரைபடத்தை விரலால் நகர்த்தும்போது திரையின் நூறு பகுதிகள் ஒன்றுக்கொன்று முரணாமல் மாற வேண்டும். இச்சிக்கல் முதல் வகை. இதைக் கையாண்டதில் ரியாக்ட் போன்றவை செய்த பணி மெய்யானது. ஆனால் பள்ளியின் தேர்வு அட்டவணையைக் காட்டும் பக்கத்துக்கும் அதே அடுக்கைப் பயன்படுத்தினால் சேர்வதெல்லாம் இரண்டாம் வகையே. ‘எச்.டி.டி.பி. ஆர்க்கைவ்’ அமைப்பு பல இலட்சம் தளங்களை அளந்து வருகிறது. அதன்படி 2024-இல் நடுத்தரமான ஒரு வலைப்பக்கம் இறக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமே அரை மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. விலை குறைந்த கைப்பேசியில், கிராமத்து அலைவரிசையில் அதற்காகக் காத்திருப்பவரே அதற்கு விலை கொடுக்கிறார். அவருக்கு இந்த வழக்கில் குரல் இல்லை.

2016 மார்ச் 22 அன்று இவ்வடுக்கின் அடித்தளம் சற்றே தெரிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை வழங்கும் ‘என்.பி.எம்.’ நிலையத்திலிருந்து, பெயர் குறித்த ஒரு தகராறினால் ஆசிரியர் ஒருவர் தம் பொதிகளையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவற்றுள் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வேண்டிய அளவு வெற்றிடமோ சுழியோ சேர்ப்பது அதன் வேலை. மொத்தம் பதினொரு வரிகள். அதைப் பேபல் மறைமுகமாகச் சார்ந்திருந்தது. பேபலை உலகின் எண்ணற்ற திட்டங்கள் சார்ந்திருந்தன. ஓடிக்கொண்டிருந்த தளங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. புதிதாகக் கட்டமைக்க முயன்ற இடங்களிலெல்லாம் வேலை நின்றது. சில மணி நேரத்தில் நிலையத்தார் வழக்கத்துக்கு மாறாக அப்பொதியைத் தாங்களே மீட்டு வைத்தார்கள். அன்று காலை வரை தம் பக்கம் அந்தப் பதினொரு வரிகளின் மேல் நிற்பதை, நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அறியார்.

யாரும் படிக்காத கோப்பு

நிரல் பெருத்துவிட்டது என்பது ஒரு குறை. அதைவிடக் கடுமையான மற்றொன்று உண்டு. ‘யூனிக்ஸ்’ அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருதுக்கான தம் உரையை 1984-இல் வெளியிட்டபோது அதை விளக்கினார். தொகுப்பி ஒன்றைத் தந்திரமாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் கேட்கும் நிரலை மொழிமாற்றும்போது அது ஓர் இரகசியச் சாவியைச் சேர்த்துவிடும். தன்னையே மொழிமாற்றும்போது இந்தத் தந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளும். பிறகு மூலநிரலிலிருந்து தந்திரத்தை அழித்துவிடலாம். மூலத்தை எத்தனை முறை படித்தாலும் குற்றம் தென்படாது. ஆயினும் சாவி இயந்திர நிரலில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்!

வலை உலகில் இதன் எளிய வடிவம் ஒன்று 2018-இல் நடந்தே விட்டது. வாரந்தோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்ட ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ என்னும் பொதியைத் தொண்டாகப் பேணி வந்தவர், அதைக் கவனிக்க முன்வந்த புதியவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். புதியவர் வேறொரு சிறு பொதியை அதனுடன் இணைத்தார். அச்சிறு பொதியின் பொதுவில் வைக்கப்பட்ட மூலநிரலில் குற்றமில்லை. அதைச் சுருக்கி ஆக்கியதாகச் சொல்லி நிலையத்தில் ஏற்றிய கோப்பில்தான் திருட்டு நிரல் இருந்தது. ‘கோப்பே’ என்ற பிட்காயின் பணப்பை மென்பொருளிலிருந்து சாவிகளைக் களவாடுவது அதன் நோக்கம். சுருக்கிய கோப்பை எவர் படிக்கப் போகிறார்? திருடர் போட்ட கணக்கு அதுவே. சில வாரங்கள் அக்கணக்கு பலித்தது, நவம்பரில் அகப்பட்டது.

2021-இல் ‘கிட்ஹப் கோபைலட்’ முன்னோட்டமாக வந்ததிலிருந்து, பெரு மொழி மாதிரிகள் எனப்படும் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளும் நிரல் எழுதத் தொடங்கிவிட்டன. இவற்றைத் தொகுப்பியின் அடுத்த படி என்று சிலர் சொல்கிறார்கள். அது பொருந்தாது என்பது என் கருத்து. தொகுப்பிக்கு ஒரே மூலத்தைக் கொடுத்தால் ஒரே விளைவு வரும். மூலத்தைப் பேணினால் போதும். மாதிரியிடம் ஒரே வேண்டுகோளை இருமுறை வைத்தால் இரு வேறு நிரல்கள் வரலாம். கேட்ட கேள்வி பெரும்பாலும் சேமிக்கப்படுவதும் இல்லை. கோப்பில் எஞ்சுவது விளைந்த நிரல் ஒன்றே. ஆகவே இது ரெயில்ஸ் தந்த சாரத்தின் இனம். படிக்காமல் விடத்தக்கது அன்று. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவருள் சிலர் வீட்டுப் பாடத்துக்கு இதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். வந்த நிரலில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு நடை தொடங்கியிருக்கிறது. உலாவிகள் இப்போது முதிர்ந்துவிட்டன. பேபல் நிரப்பி வந்த குறைகளில் பல உலாவியிலேயே தீர்ந்துவிட்டன. 2011-இல் காபிஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்த அதே ரெயில்ஸ், 2021 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பில், மொழிமாற்றமும் கட்டுதலும் இன்றி எழுதியதை எழுதியபடியே உலாவிக்கு அனுப்பும் முறையை இயல்பாக வைத்தது.

ரிச் ஹாரிஸ் 2016-இல் தொடங்கிய ‘ஸ்வெல்ட்’ இன்னும் சுவையான செய்தி. அது சட்டகம் என்பதைவிடத் தொகுப்பி என்பதே பொருந்தும். நீங்கள் எழுதும் பகுதிகளை உலாவிக்குரிய சிறு நிரலாக ஆக்கிக் கொடுத்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். 2023-இல் அதன் குழுவினர் ஸ்வெல்ட்டின் சொந்த மூலநிரலை டைப்ஸ்கிரிப்ட்டிலிருந்து வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். தரவு வகைகளைச் சரிபார்ப்பதை அவர்கள் விடவில்லை. அவற்றை விளக்கக் குறிப்புகளில் எழுதி, டைப்ஸ்கிரிப்ட் கருவியாலேயே சரிபார்த்துக்கொண்டார்கள். மொழிமாற்றத்தை மட்டும் நீக்கினார்கள். பிழை தேடும்போது தாங்கள் எழுதிய வரியே, எழுதிய வடிவிலேயே ஓட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறர் எழுதியதையெல்லாம் மொழிமாற்றித் தருவதே அவர்கள் தொழில்!